மாமாவின் சொந்தப் பற்கள்

நான் இதுவரை செய்த பல்செட்டுகளிலேயே சிறந்தது என் மாமனாரின் வாயில் இருக்கிறது. அதை வெளியே சொல்லிப் பெருமைப்பட முடியாமல் போனதுதான் பல் மருத்துவராக எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை.

மாமா ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோகிராபர். "சிரிங்க, இன்னும் கொஞ்சம், பல்லு தெரியட்டும்" என்று ஊரையே அதட்டிச் சிரிக்க வைத்தவர், தன் பல்லை மட்டும் கவனித்ததில்லை. ஈறு வீங்கினால் உப்புத் தண்ணீர். பல் ஆடினால் அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிடுவார். விழுந்தால், "பாரம் குறைஞ்சுது" என்று தூக்கிப் போட்டுவிடுவார். வீட்டிலேயே பல் டாக்டராக மருமகள் இருக்கிறேனே, ஒரு நாள் காட்டினால் என்ன?

"மருமக முன்னாடி வாயைத் திறக்கறதில்லைன்னு வெச்சிருக்கேன்மா. நம்ம வீட்ல சண்டையே வராததுக்கு அதான் காரணம்" என்பார்.

கடைசியில் வலி தாங்காமல் என் நாற்காலியில் வந்து அவர் வாயைத் திறந்தபோது, காப்பாற்றும் நிலையில் ஒரு பல்கூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறும்வரை காத்திருந்து, அந்தப் பல்செட்டைச் செய்தேன். அவருடைய கல்யாணப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். முன்பல் ஒன்று அந்தக் காலத்தில் லேசாகத் திரும்பியிருந்தது. அதே அளவு திருப்பி வைத்தேன். பால் வெள்ளையாக இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும் என்று வயதுக்குத் தகுந்த மங்கலான நிறத்தைத் தேடிப் பிடித்தேன். முதல் தடவை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்த மாமா, "யாருடா இந்தப் பையன்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அது அவருக்கா எனக்கா என்று இப்போது நினைவில்லை.

பிறகுதான் அந்த அம்மா வந்தார்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகளின் பெட்டிக்குள் அடிப்பலகை இரட்டையாக இருந்தால், தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடுவாராம். ஈறு நோய்க்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார். கணவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. மாமாவும் தனி ஆள்தான். என் மாமியாரை நான் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

தினமும் மதியம் மாமா என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு கிளினிக் வழியாக வருவார். வெயில் தணியட்டும் என்று வெளியறையில் கொஞ்ச நேரம் உட்காருவார். அன்றைக்கு அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்களுக்கு என்ன ட்ரீட்மென்ட்?"

"எனக்கா? பேத்தியைக் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

"அதானே பார்த்தேன். பல்லு முத்து மாதிரி இருக்கே!"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் உண்மையைச் சொல்லியிருப்பார். மாமாவும் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பெண்மணி அவர் சிரிப்பைப் பாராட்டி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"கடவுள் கொடுத்தது, மேடம். அத்தனையும் சொந்தச் சரக்கு."

அந்தக் கடவுள் அப்போது அரைக் கதவுக்குப் பின்னால் கையுறை மாட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இருவரும் மாலையில் பூங்காவில் நடக்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாவின் கைப்பையில் எப்போதும் இரண்டு ஆப்பிள் இருக்கும். தனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. ஆப்பிளை நறுக்கித் தின்பது பல்லுக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவர் கொள்கை. ஈறு நோயை வைத்துக்கொண்டே நறுக் நறுக்கென்று கடிப்பாராம். பல்செட்டை வைத்துக்கொண்டு முழு ஆப்பிளை முன்பல்லால் கடித்தால் என்ன ஆகும்? பல்செட் ஆப்பிளோடு போய்விடும். மாமா வெறும் வாயோடு வீடு திரும்ப வேண்டியதுதான். அதனால், "வீட்ல போய் நிதானமா சாப்பிடறேன், மேடம். எனக்கு ரசிச்சுச் சாப்பிடணும்" என்று சொல்லி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வீட்டில் அதை ரசித்துச் சாப்பிட்டது என் மகள்.

மகளை அவள் அப்பா சுண்டெலி என்று கூப்பிடுவார். அவளுக்கு ஐந்தரை வயது, எதைக் கண்டாலும் கொறிப்பாள். அவள் பற்களைப் பற்றிச் சொல்ல எனக்கே வெட்கம். இரவில் பால் பாட்டிலோடு தூங்கிப் பழகியவள். நான் கிளினிக்கில் மற்ற குழந்தைகளின் அம்மாக்களுக்கு அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் என் குழந்தையின் கடைவாய்ப் பாற்பல் இரண்டில் சொத்தை விழுந்துவிட்டது. நானே அடைத்தேன். "விழப்போற பல்தானே, விடேன்" என்றார் என் கணவர். அந்தப் பல் இன்னும் ஐந்தாறு வருடம் அங்கே இருந்தாக வேண்டும், அடியில் வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்று நான் எடுத்த பாடத்துக்குப் பிறகு, அந்த விஷயத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை.

இதற்கிடையே அந்த அம்மா என் நாற்காலியில் படுத்துக்கொண்டு வாய் நிறையப் பாராட்டுவார்.

"உங்க மாமனாரைப் பார்த்து நான் கத்துக்கணும், டாக்டர். இந்த வயசுல ஒரு பல்லு ஆடலை! என்ன பேஸ்ட் போடறார்?"

பல்செட்டுக்குப் பேஸ்ட்டே போடக் கூடாது, கீறல் விழும். மெல்லிய பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். அதைத்தான் சொல்ல வாய் வந்தது. நோயாளி ரகசியம் ஒரு பக்கம், மாமனார் மானம் ஒரு பக்கம். "கொஞ்சம் பெரிசாத் திறங்க" என்று சொல்லிக் கருவியை உள்ளே விட்டு அவர் பேச்சை நிறுத்தினேன்.

வீட்டில் மாமாவைப் பிடித்தேன். "மாமா, அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்மா. சமயம் பார்த்துச் சொல்றேன்."

"சமயம் எப்ப வரும்?"

"அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

அவர் பார்த்த சமயம் வேறு. ஒரு நாள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, மீதி நாளைச் சேர்ந்து கழிக்கலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டார். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வரேன். எல்லாரையும் பார்த்துட்டு அங்கேயே பதில் சொல்றேன்" என்றிருக்கிறார் அந்த அம்மா.

என் கணவருக்கு இதைக் கேட்டுப் பாதி சந்தோஷம், பாதி திகில். "அப்பா, நான் அவங்களை அம்மான்னு கூப்பிடணுமா?"

"உனக்கு அம்மா தேடலைடா. சாயங்காலம் எனக்குப் பேச ஆள் வேணும். நீ டிவி பார்க்கறே, உன் பொண்டாட்டி ஊரார் வாயைப் பார்க்கறா, நான் யாரைப் பார்க்கறது?"

அவர் இப்படி ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். காலையில் சுண்டெலி பல் தேய்ப்பதை மேற்பார்வை பார்ப்பது தாத்தா. இருவரும் குளியலறைக்குள் போவார்கள், தண்ணீர் ஓடும், பாட்டு கேட்கும், இருவரும் பளிச்சென்ற முகத்தோடு வெளியே வருவார்கள். பிரஷ் ஈரமாக இருக்கும். ஆனால் பேஸ்ட் ட்யூப் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே கொழுகொழுவென்று இருந்தது. சந்தேகப்பட்டு, கிளினிக்கிலிருந்து சின்னக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். உள்ளே சிவப்பு மாத்திரைகள்.

"இதை மென்னு துப்பினா, எந்த இடத்துல அழுக்கு இருக்கோ அந்த இடம் மட்டும் சிவப்பா நிக்கும். நாளைக்கு ராத்திரி உனக்குப் பரீட்சை."

சுண்டெலி குப்பியையே பார்த்தாள். "அது பொய் சொல்லாதா?"

"சொல்லவே சொல்லாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பி அலமாரியில்தான் இருந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை. அதை நான் அப்போது திறந்து பார்க்கவில்லை. மாத்திரைகளை எங்கே ஒளித்தால் அம்மா தேட மாட்டாள் என்று யோசித்த என் மகள், தாத்தாவின் பல்செட் ஊறவைக்கும் மாத்திரை டப்பாவில் அத்தனையையும் கொட்டி மூடியிருந்தாள். அந்த டப்பாவை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

மதியம் சாப்பிட்டதும் மாமா பல்செட்டைக் கழற்றி மூடி போட்ட பீங்கான் கோப்பையில் போட்டு, டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையையும் போட்டார். மூக்குக்கண்ணாடி ஹால் மேஜையில் இருந்ததால் மாத்திரையின் நிறம் அவருக்குத் தெரியவில்லை. வழக்கமாகப் போட்டதும் சோடா மாதிரி பொங்கும். அன்று பொங்கவில்லை. பழைய சரக்கு போலிருக்கிறது என்று இன்னும் இரண்டைப் போட்டார். விசேஷ நாள், நன்றாகவே சுத்தமாகட்டும் என்று மேலும் ஒன்றைப் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போனார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால், இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக ஹாலுக்கு வந்து நின்றார்.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டுச் சிரித்தார்.

என் கணவர் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்த டீ தட்டுக்கும் மேஜைக்கும் போனது. மாமாவின் பல் ஒவ்வொன்றின் ஓரத்திலும், இடுக்கிலும், செயற்கை ஈறின் விளிம்பிலும், குழந்தை கிரையானால் கிறுக்கியதுபோல் அடர்ந்த ரோஜாச் சிவப்பு. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மாத்திரை எங்கே போனது என்பது புரிந்தது. மாமா வாரக்கணக்காகப் பல்செட்டைப் பிரஷ்ஷால் தேய்க்கவே இல்லை, வெறுமனே ஊறவைத்தே ஒப்பேற்றியிருக்கிறார் என்பதும் புரிந்தது. குளியலறைக்குள் நடந்தது இரண்டு பேர் கூட்டுச் சதி.

"மாமா, சிரிக்காதீங்க!"

"ஏன்மா? இன்னிக்குத்தானே சிரிக்கணும்!"

அழைப்பு மணி அடித்தது. நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். திறந்ததும், ஊரையெல்லாம் சிரிக்க வைத்த அனுபவம் முழுவதையும் திரட்டி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"ஐயையோ, ரத்தம்!"

அந்த அம்மா கைப்பையைப் போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தார். "தலையைப் பின்னாடி சாய்ங்க சார். இல்லை இல்லை, முன்னாடி குனிங்க. வாயைத் திறக்காதீங்க. டாக்டர்! என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? பஞ்சு எடுத்துட்டு வாங்க!"

"ரத்தமா? எங்கே?" என்று மாமா சுற்றுமுற்றும் பார்த்தார்.

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்பது மட்டும் புரிந்து, பரீட்சை அறையில் பேனா எழுதாமல் போன பையன் மாதிரி விழித்தார். என் தொழில் தர்மம் அந்த இடத்தில் காலை வாரிவிட்டது.

"ரத்தம் இல்லைங்க, சாயம்" என்றேன். "அழுக்கைக் காட்டற மாத்திரை. குழந்தை மெல்ல மாட்டேன்னு அடம் பிடிச்சா. பயப்படாதே, நானே மென்னு காட்டறேன்னு மாமா மென்னார்."

சொல்லும்போதே எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு அழகான பொய்! சுண்டெலி திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுத்துப் பேசினால் மாட்டிக்கொள்வது தான்தான் என்று கணக்குப் போட்டிருப்பாள். திரை மறுபடியும் மூடிக்கொண்டது.

அந்த அம்மாவின் முகம் இளகிவிட்டது. "பேத்திக்காக வாயை இப்படிப் பண்ணிக்கிட்டீங்களா? அதுவும் நான் வர்ற அன்னிக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். மேஜை மேல் இருந்த ஸ்பூனை எடுத்து அதில் தன் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நான் வீசிய கயிறும் தெரிந்துவிட்டது. பிடித்துக்கொண்டு ஏறினால் போதும்.

"பதில் சொல்லத்தானே வந்தேன், சொல்லிடறேன்" என்று அந்த அம்மா எதிரே உட்கார்ந்தார். "என் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. 'சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா'ன்னு கேட்டா, எல்லாரும் ஒரே மாதிரி 'ஒண்ணும் இல்லை'ம்பாங்க. பெட்டியைத் திறந்தா கடையே இருக்கும். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். சின்னச் சின்ன விஷயத்துக்குக்கூட மறைப்பார். போதும்னு ஆயிடுச்சு. உங்களைப் பார்த்தப்பதான், ஒளிக்க ஒண்ணுமே இல்லாத ஒரு மனுஷன்னு தோணுச்சு. அதனால..."

"மேடம்" என்று மாமா எழுந்தார். "ஒரு நிமிஷம்."

"என்ன சார்?"

"அந்தக் கேள்வியை என்னைக் கேளுங்க."

"எந்தக் கேள்வி?"

"பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி கேப்பீங்களே, அது."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "சரி. சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" என்றார்.

மாமா வாயில் கையை விட்டார். மேல் செட்டைக் கழற்றினார். கீழ் செட்டைக் கழற்றினார். இரண்டையும் டீ தட்டில், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில், மெதுவாக வைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், ஒரே நொடியில் பத்து வயது கூடிவிட்டது. அந்த முகத்தை எங்களுக்கே காட்ட மாட்டார்.

"ஒரு பல்லுகூட என்னுது இல்லை, மேடம்" என்றார். பல்லில்லாத வாயில் சொற்கள் கொழகொழவென்று வந்தாலும் ஒவ்வொன்றும் தெளிவாகவே விழுந்தது. "மருமக சொன்னதும் பொய். என் மேல இருக்கற பாசத்துல சொல்லிட்டா. நீங்க குடுத்த ஆப்பிள் ஒண்ணைக்கூட நான் தின்னதில்லை. எல்லாம் இந்தச் சுண்டெலிதான் தின்னா."

என் கணவர் டீ ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து, மேல் செட்டைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினார். திருப்பினார். உள்பக்கம் பார்த்தார். திரும்பியிருந்த அந்த முன்பல்லை விரலால் தடவினார்.

"நான் இதை எத்தனை நாளா எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டிருக்கேன்" என்றார், யாரிடமோ புகார் சொல்வதுபோல. "என் கண்ணுக்கே தப்பிச்சிருக்கு! யார் செஞ்சது இது?"

மூச்சை இழுத்துக்கொண்டு, "நான்தான்" என்றேன்.

"திறமைசாலிம்மா நீங்க. கள்ளக் கடத்தல்காரங்க கண்ல பட்டிருந்தா விட்டிருக்க மாட்டாங்க."

இவ்வளவு நாள் காத்திருந்த பாராட்டு இப்படி வந்து சேரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்போதுதான் அந்த அம்மா சிவப்புத் திட்டுகளை உற்றுப் பார்த்தார்.

"டாக்டர், அழுக்கு இருக்கற இடத்துலதானே சாயம் ஒட்டும்?"

"ஆமா."

"அப்ப இவ்வளவும் அழுக்கா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார்.

"சார்! பல்லு பொய்ங்கறதுகூடப் போகட்டும். என் ஈறு ஒண்ணுக்காக நான் ராத்திரியும் பகலும் பிரஷ்ஷும் கையுமா அலையறேன். கையில எடுத்துத் தேய்க்கற வசதியோட ஒரு பல்லு கெடைச்சும் நீங்க தேய்க்கலையா?"

"தாத்தா தேய்க்கவே மாட்டார்" என்றது திரை. "நானும் தண்ணில நனைச்சுட்டு வந்துடுவேன். தாத்தா பாட்டு பாடுவார்."

"அடிப்பாவி, காட்டிக் குடுத்துட்டியே!" என்றார் மாமா.

"நீங்க மட்டும் ஆப்பிளைக் காட்டிக் குடுத்தீங்களே!"

திரையை விலக்கிக்கொண்டு சுண்டெலி வெளியே வந்தாள். மாத்திரையை டப்பாவில் கொட்டிய கதையைத் தானாகவே சொன்னாள். சொல்லும்போது ஒரு பயமும் இல்லை. தாத்தா பல்லைக் கழற்றி வைத்ததைப் பார்த்ததும், ஒளித்ததையெல்லாம் எடுத்துச் சொல்வதுதான் அன்று மாலை வழக்கம்போலும் என்று நினைத்துவிட்டாள். அந்த அம்மா அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் டீயைக் கவனித்தேன்.

மாமா நின்றுகொண்டே இருந்தார். "மேடம், நீங்க சொல்ல வந்த பதில்..." என்று இழுத்தார். "அது மாறியிருந்தா, பரவாயில்லை. நான் சொல்லாம இருந்தது தப்புத்தான். உங்களுக்குப் பிடிச்சிருந்தது இந்தச் சிரிப்பு. அது என்னுது இல்லையேன்னு பயமா இருந்துச்சு."

அந்த அம்மா குனிந்து, கீழே கிடந்த கைப்பையை எடுத்தார். கைப்பையைத் திறந்து உள்ளே தேடினார்.

"வீட்ல கத்தி இருக்கா?" என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"இருக்கா இல்லையா, தம்பி?"

அவர் சமையலறைக்குப் போய், வீட்டில் இருப்பதிலேயே சின்னதாக, முனை மழுங்கியதாக ஒன்றைப் பார்த்து எடுத்துவந்து, எட்ட நின்று நீட்டினார்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்தார். தோலைச் சீவினார். பிறகு அந்த மழுங்கல் கத்தியால், முகத்தில் எரிச்சலோடும் கையில் பொறுமையோடும், காகிதம் மாதிரி மெல்லிசாக வெட்ட ஆரம்பித்தார்.

"போய்த் தேய்ச்சுட்டு வாங்க" என்றார் நிமிராமல். "நல்லா, உள்பக்கமும். பாப்பா, நீயும் தாத்தாகூடப் போ. பாட்டு வேண்டாம். திரும்பி வந்ததும் ரெண்டு பேர் பெட்டியையும் திறந்து பார்ப்பேன்."

மாமா பல்செட்டை எடுத்துக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குளியலறை வாசலில் நின்று திரும்பினார்.

"அப்ப பதில்?"

"கண்ணு தெரியலையா சார்? யாருக்காக நறுக்கிட்டிருக்கேன் நான்?"

மாமா சிரித்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை. "அப்படியே இருங்க சார்" என்றார் அந்த அம்மா, கத்தியை வைத்துவிட்டு. "இது ஒண்ணாவது உங்களுதுதானே?"

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதோடு, என் வீட்டில் முதல் முறையாக, இரண்டு பிரஷ்கள் தேய்க்கும் சத்தமும் கேட்டது. நான் மேஜைக்கு வந்து ஒரு ஆப்பிள் துண்டை எடுக்கப் போனேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.